மாவு பூசிய தேனீக்கள்

என் அக்காவிடம் யாராவது மணி கேட்டால், முதலில் அவர் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால், "கட்டிக்கிட்டே எதுக்குக் கேக்கறீங்க?" என்பாள். இல்லாவிட்டால், "செல்போன் இருக்குமே?" என்பாள். அதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

குறையாகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் அவளுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான் கொடுத்தார்கள். துணி ஆலை வாசலில், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. டிபன் டப்பாவுக்குள் நூல்கண்டு, மடக்கிய குடைக்குள் சுருட்டிய துணி, குழந்தைக்கு வாங்கிய பால்பவுடர் டப்பாவில் பொத்தான்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தவள். பையைத் திறந்து காட்டினால் மட்டும் விடமாட்டாள். "உள் ஜிப்" என்பாள். ஒரு வாங்க, போங்க எதுவும் கிடையாது. அந்த இரண்டு வார்த்தைதான். ஆலையில் அவளுக்குப் பெயரே 'உள்ஜிப்' என்றாகிவிட்டது. ஆலையை மூடிய நாளில் கடைசியாக வெளியே வந்தவள், வாசலில் நின்று தன் பையைத் தானே சோதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டவள் நான்தான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த மூன்று பேரில் ஒருவர் மிகவும் நல்லவராக இருந்தார். அதுதான் அவளுக்கு உறுத்தியது. அப்பா விட்டுப்போன வீட்டை நாங்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். முன்பாதி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என் தையல் மெஷினுக்கும். பின்பாதியும் கொல்லையும் அவளுக்கு. நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் அவள் பக்கம்.

ஆலை மூடி மூன்று மாதம் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் என் தையலைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் காஜா கோணலா இருக்கு, வேணும்னுதானே தச்ச?" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே கேட்பாள். எனக்கு உயிர் போனது. அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் கொல்லைச் சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டியில் தேனீக் கூட்டம் ஒன்று வந்து அடைந்தது. எடுத்துப் போக, ஊருக்கு வெளியே தேனீப் பண்ணை வைத்திருக்கும் அம்மா ஆளோடு வந்தார். அக்கா குறுக்கே நின்றுகொண்டாள்.

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

"பெட்டியில வச்சு வளப்போம்மா."

"தேன் வருமா?"

"வரும்."

"என் வீட்டுச் சுவத்துக்கு வந்ததை நீங்க எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? அந்தப் பெட்டியை இங்கயே வைங்க."

பண்ணைக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை இறக்கி வைத்து, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தார். அக்கா ஒவ்வொன்றையும் மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டு, பதில் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அந்த ஒரு பெட்டி நாலாயிற்று. நான் முகவலை தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள்.

தேனீ விஷயத்தில் அவளுடைய கண் அபாரம். முப்பதாயிரம் தேனீக்கள் மொய்க்கும் பெட்டியில் ராணி எங்கே என்று கண்டுபிடிக்கப் பண்ணையில் பழகினவர்களே கால் மணி நேரம் எடுப்பார்களாம். இவள் இரண்டு நிமிஷத்தில் விரலை நீட்டுவாள். எப்படி என்று கேட்டதற்கு, "அத்தனை பேருக்கு நடுவுல ஒருத்தி மட்டும் வேற மாதிரி நடப்பா. ஆலை வாசல்லயும் அப்படித்தான்" என்றாள். பண்ணைக்காரம்மா அதைப் பார்த்துத்தான் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வரச் சொன்னார். மூன்றாம் வரிசையை அவள் பொறுப்பில் விட்டார். பன்னிரண்டு பெட்டி, எல்லாம் நோஞ்சான் கூட்டங்கள். நல்ல கண் இருக்கிறவர்தான் தேற்ற முடியும் என்பது அவர் எண்ணம். அக்காவும் தேற்றினாள். அந்த மூன்று நாளும் முகம் தெளிந்திருக்கும். எனக்கும் காஜா தொல்லை விட்டது.

இப்போது அந்த இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் தொங்கும் சட்டங்களைத் தேனீக்கள் பிசின் வைத்து ஒட்டிவிடும். நெம்பி எடுக்க ஒரு சாண் நீள இரும்பு வேண்டும். பண்ணையில் இதற்கென்று ஒரு விதி உண்டு. வெளி இரும்பு உள்ளே வரக்கூடாது, உள் இரும்பு வெளியே போகக்கூடாது. வாசலில் ஒரு சிவப்பு வாளியில் சோடா உப்புத் தண்ணீர் இருக்கும். ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போகும்போது இரும்பையும் கையுறையையும் அதில் முக்கித் தேய்க்க வேண்டும். பெட்டிக்குப் பெட்டி நோய் போகாமலிருக்க அதுதான் வழி.

அக்காவுக்கு அந்த வாளிமேலேயே சந்தேகம். "எத்தனை பேர் முக்கறாங்க! தண்ணியை யாரு மாத்தறா? எப்ப மாத்தறா? எல்லார் அழுக்கும் அதுலதான் இருக்கு" என்றாள். ஒரு பட்டறைக்காரரிடம் பழைய லாரி வில்லுப் பட்டையைக் கொடுத்து, அவர் அடித்து முடிக்கிற வரை தலைமாட்டிலேயே நின்று, தனக்கென்று ஒரு இரும்பு செய்துகொண்டாள். வீட்டுப் பெட்டிக்கும் அதுதான், பண்ணைப் பெட்டிக்கும் அதுதான். பண்ணை இரும்பைத் தொடமாட்டாள். தன் இரும்பை அந்த வாளியில் முக்கவும் மாட்டாள். "இது என் கையை விட்டு இன்னொருத்தர் கைக்குப் போனதே இல்லை. இதுக்கு எதுக்குச் சோடா?" பையில் அதை வைக்க உள்ளே ஓர் அறை வேண்டும் என்றாள். நான்தான் தைத்துக் கொடுத்தேன், நல்ல கெட்டி ஜிப் வைத்து.

அந்த வருஷம் எங்குமே பூ இல்லாத மாதம் ஒன்று வந்தது. தேனீக்கள் வாசலில் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. அப்போதுதான் எங்கள் கேட்டில் பல் டாக்டர் வந்து நின்றார். இரண்டு தெரு தள்ளி, வீட்டோடு சேர்ந்த கிளினிக். ஆசைப்பட்டு எங்கேயோ இரண்டு பழைய பெட்டியைத் தேனீயோடு வாங்கியிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றார்.

"எனக்கே நிறைய இருக்கு" என்றாள் அக்கா. கேட்டைத் திறக்கவில்லை.

"இல்லைம்மா, ஒரு பெட்டியில புழுவெல்லாம் ஒரு மாதிரி..."

"புஸ்தகம் போட்டிருக்காங்க. வாங்கிப் படிங்க."

அவர் போனதும் என்னிடம் திரும்பி, "என் பெட்டி எங்கெங்க வச்சிருக்கேன்னு கண்ணால அளந்துட்டுப் போறான்" என்றாள். மறுநாள் கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வந்தது. நான் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிசயம். ஒவ்வொரு ஞாயிறும் கொக்கித் தராசில் பெட்டிகளின் பின்பக்கத்தைத் தூக்கி எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். மற்ற மூன்று பெட்டியும் இளைத்திருக்க, சுவரோரத்துப் பெட்டி மட்டும் கனத்திருந்தது. அந்த நாளிலும் அதன் தேனீக்கள் போவதும் வருவதுமாகப் பரபரத்தன. "பாத்தியா? என் புள்ளைங்க எங்கயோ பூவைக் கண்டுபிடிச்சுட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். சட்டத்தை நெம்பிப் புதுத் தேனை எனக்குக் காட்டினாள். அவள் அப்படி மலர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

பண்ணையில் புகைக்காரர் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெட்டி திறக்கும்போது தேனீக்கள் சீறாமலிருக்கச் சாக்கைக் கொளுத்திப் புகை போடுவது அவர் வேலை. வேறொரு பண்ணையிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. யாரோடும் பேசமாட்டார். பேசாத மனிதரை அக்கா நம்பமாட்டாள். பேசுகிறவரையும் நம்பமாட்டாள் என்பது வேறு. ஒருநாள் ராணிகளை அடைத்து அனுப்பும் சின்னக் கூடுகளில் இரண்டு குறைந்தன. யாரும் கேட்காமலேயே அக்கா புகைக்காரரின் பையை எல்லார் எதிரிலும் திறக்கச் சொன்னாள். ஒரு துண்டு, சாப்பாட்டு டப்பா, தீர்ந்துபோன மாத்திரை அட்டை. உள் ஜிப்பில் ஒரு பழைய பஸ் டிக்கெட். கூடுகள் மறுநாள் பண்ணைக்காரம்மாவின் மேஜை இழுப்பறையிலேயே கிடைத்தன. அக்கா அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாக்கறது என் பழக்கம், அவ்வளவுதான்" என்றாள் என்னிடம்.

சில வாரம் கழித்து மூன்றாம் வரிசையில் ஒரு பெட்டியைத் திறந்தவள் மூக்கைச் சுளித்தாள். தச்சர்கள் காய்ச்சும் பசை வாசனை. தேனீக் குஞ்சுகள் புழுவாக வளரும் அறைகளின் மெழுகு மூடிகள் உள்ளே குழிந்து, கறுத்து, எண்ணெய் பட்டது போலிருந்தன. ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு மெல்ல இழுத்தாள். நல்ல கூட்டமாக இருந்தால் புழு முழுசாக வரும். இது காப்பி நிறத்தில் நூலாக நீண்டு வந்தது, ஓர் அங்குலம். புழு அழுகும் நோய். அதற்கு மருந்து இல்லை. தேனீயோடு, தேனோடு, மெழுகோடு எரிக்க வேண்டும். கிருமி பெட்டி மரத்தில் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

ஏழு பெட்டியை எரித்தார்கள். ஏழும் மூன்றாம் வரிசை.

பண்ணைக்காரம்மா இடிந்துபோய்விட்டார். எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். அக்காவிடமும், "உன் வீட்டுப் பெட்டி எப்படி இருக்கு?" என்றார்.

"கல்லாட்டம் கனக்குது. என் கொல்லைக்குள்ள காக்காகூட நுழைய முடியாது" என்றாள் அக்கா. பிறகு தானாகவே சொன்னாள்: "என் வரிசைக்குப் புகை போட வர்றது யாரு? அவர் வந்தப்புறம்தானே இது வந்துச்சு? அவர் இருந்த பண்ணையில என்ன நடந்துச்சுன்னு யாராவது விசாரிச்சீங்களா?"

யாரும் விசாரிக்கவில்லை. புகைக்காரர், "நான் வாளியில முக்காம எதையும் தொட்டதில்லைம்மா" என்றார். அவர் அங்கே பேசிய நீளமான வாக்கியம் அதுதானாம். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தேனீக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வார்கள். பக்கத்துப் பண்ணை எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து நான் நூல் வாங்கப் போன இடத்தில், கிடங்கு வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைத் தெரியும் அவருக்கு. தலையைத் திருப்பிக்கொண்டார். வந்து அக்காவிடம் சொன்னேன். "தப்பு பண்ணினவங்க அப்படித்தான் மூஞ்சியைத் திருப்புவாங்க" என்றாள். நானும் ஆமாம் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அதற்கு அடுத்த ஞாயிறு. வீட்டுப் பெட்டியை அக்கா திறக்க, நான் சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். சுவரோரத்துப் பெட்டியின் நாலாவது சட்டத்தை எடுத்தவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"தீக்குச்சி எடுத்துட்டு வா."

நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவள் விட்டு இழுத்தாள். நூல் வந்தது. இன்னோர் அறையில் விட்டாள். அங்கும் வந்தது.

"இங்கயும் கொண்டாந்து விட்டானா!" என்றாள். முகவலைக்குள் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"யாரு, புகைக்காரரா? அவர் நம்ம தெருப்பக்கமே வந்ததில்லையே."

"பண்ணையில அவன் தொட்டது என் இரும்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"இரும்புல அங்கேர்ந்து இங்க வரும்னா, இங்கேர்ந்தும் அங்க போகும்தானே?" என்றேன். எதையும் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

என்னை அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டு உள்ளே போய் எடை நோட்டை எடுத்து வந்தாள். படியில் உட்கார்ந்து பக்கங்களைத் திருப்பினாள். பூவே இல்லாத மாதத்தில் பெட்டி கனத்தது முதலில். பண்ணையில் நோய் தெரிந்தது அதற்கு ஐந்து வாரம் பின்னால். விரலை அந்தக் கனத்த எடைமேல் வைத்தாள்.

"பூ இல்லாதப்ப இதுக்குத் தேன் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள் கடைசியில். தன்னையேதான் கேட்டுக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் மற்றவர்களைக் கேட்ட கேள்வி: இது உன் பைக்குள் எப்படி வந்தது?

அன்று மதியம் பூராவும் கொல்லையில் நின்று தேனீக்கள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்தாள். மற்றப் பெட்டித் தேனீக்கள் நாலாபக்கமும் போயின. சுவரோரத்துப் பெட்டியிலிருந்து நிறைய தேனீக்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலாக ஒரே கோடாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம்தான் பல் டாக்டரின் கிளினிக்.

மறுநாள் காலை சல்லடையிலும் ஒரு டப்பாவிலும் மாவு எடுத்துக்கொண்டாள். "நீ இந்தப் பெட்டி வாசல்லயே நில்லு. நான் அங்க தேனீ மேல மாவு தூவறேன். இங்க வெள்ளையா எதாவது வந்து இறங்குதான்னு பாத்துச் சொல்லு" என்றாள். என் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து, "ரெண்டு பேருக்கும் பைத்தியம் முத்திடுச்சு" என்றார்.

அங்கே நடந்தது அக்கா சொல்லித் தெரியும். கிளினிக்குக்குப் பின்னால் இரண்டு பெட்டி. ஒன்று காலி, மூடி பாதி நகர்ந்து கிடந்தது. இன்னொன்றில் கூட்டம் செத்துக் கிடக்க, வெளித் தேனீக்கள் முண்டியடித்து உள்ளே புகுந்து மிச்சத் தேனைச் சூறையாடிக்கொண்டிருந்தன. பல் டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். "முதல் பெட்டி அப்பவே போச்சும்மா. இது போன வாரம். நான் வந்து கேட்டேனே, நீங்க கேட்டைக்கூடத் திறக்கலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இவளுக்கு இன்னும் வலித்திருக்கிறது. குனிந்து ஒரு சட்டத்தை எடுத்து மோந்து பார்த்திருக்கிறாள். பசை வாசனை.

எனக்குப் போன் வந்தது. "தூவிட்டேன். பாரு."

நான் முகவலையோடு பெட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்பும் பழுப்புமாகச் சில இறங்கின. எதிலும் மாவு இல்லை. எனக்கு நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷம் தொட்டிக்கு மேலாக ஒன்று வந்தது. வெயிலில் பஞ்சுத் துணுக்குபோல் இருந்தது. நேராக வந்து பலகையில் இறங்கி, முதுகெல்லாம் வெள்ளையாக, தன் வீட்டுக்குள் நுழைகிற உரிமையோடு உள்ளே போனது. பின்னால் இரண்டு. அதற்கும் பின்னால் ஒரு கூட்டம்.

"வருதா?" என்றாள் அக்கா.

வருகிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செத்த கூட்டத்தின் நோய்த் தேனைக் கொள்ளையடித்தது இவள் தேனீக்கள். நோயைப் பண்ணைக்குச் சுமந்தது இவள் இரும்பு. நாலு பெட்டியும் நெருப்புக்குப் போகும், வேலையும் போகும், இவள் மறுபடி படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் இப்படியே இருக்கும். கிடங்கு வாசலில் ஒருவர் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தும்விட்டேன்.

"ஏன் பேச மாட்டேங்கற?"

"வருதுக்கா" என்றேன். "வெள்ளையா வருது."

"எத்தனை?"

"எண்ண முடியலை."

மாவு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு "சரி" என்றாள்.

வீட்டுக்கு வந்து தானும் ஒருமுறை பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். நான் போட்ட காஜாவை இழுத்துப் பார்க்கிறவள், நான் வாங்கி வந்த மாத்திரையைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவள். ஆனால் அவள் வரவில்லை. என் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, கையில் மாவுச் சல்லடையோடு, அங்கிருந்தே பஸ் ஏறிப் பண்ணைக்குப் போய்விட்டாள். அது தெரிந்தபோது நான் அந்தப் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறந்ததிலிருந்து அவள் என்னை நம்பியது அந்த ஒரு தடவைதான். அதுவும் இதற்காகவா நம்ப வேண்டும்?

பண்ணைக்காரம்மா கேட்டுவிட்டு, "நீயா?" என்றாராம். இரண்டு மூன்று தடவை அதையே கேட்டாராம். பிறகு, புகைக்காரருக்குத் தான் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா விடவில்லை, தானே போக வேண்டும் என்றாள். அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவர் கதவைப் பாதிதான் திறந்தார். முதுகில் வலிக்குப் போடும் பிளாஸ்திரி, சட்டைக் காலருக்கு மேலே தெரிந்தது.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "நோயைக் கொண்டுவந்தது நீங்க இல்லை, நான்தான். என் இரும்புலேர்ந்து போயிருக்கு. உங்க மேல பழி சொன்னதும் நான்தான்" என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் எதற்கு வந்திருக்கிறாள், இதில் என்ன சூது என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பார்வை அது.

"அன்னைக்கு என் பையைத் திறக்கச் சொன்னீங்களே" என்றார். "நானும் உங்க பையைக் காட்டுங்கன்னு கேட்டிருக்கணும். ஏழு பெட்டி மிஞ்சியிருக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் வாங்கிக்கொண்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். கதவைச் சாத்திவிட்டார்.

ஆனால் எரிக்கிற நாளில் அவர்தான் வந்தார். பண்ணைக்காரம்மா திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதும் கொடுத்த முதல் வேலை அதுதான். பல் டாக்டரின் இரண்டு பெட்டியும் எங்கள் நாலும். பொழுது சாயும்போது, வெளியே போன தேனீக்களெல்லாம் வீடு திரும்பியபின், வாசல்களை அடைத்தார். கொல்லையில் குழி வெட்டி வைத்திருந்தோம். நோய் தெரிந்தது ஒரு பெட்டியில்தான். ஆனால் நாலிலும் அந்த இரும்பு போயிருக்கிறது. மூன்றையாவது விட்டுவைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். அக்கா, "நீ இரு" என்றாள். ஒவ்வொரு பெட்டியையும் அவளே சுமந்து வந்து குழியில் இறக்கினாள். முதல் பெட்டி, மீட்டர் பெட்டியிலிருந்து வந்த கூட்டம், அதைக் கடைசியாக இறக்கினாள். இறக்குமுன் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே இரைந்துகொண்டிருந்தன.

மெழுகும் தேனும் சேர்ந்து எரியும்போது நல்ல வாசனை வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த வாசனை இன்னும் நான் தைத்த துணிகளில் இருப்பதுபோல் தோன்றுகிறது. புகைக்காரர் கையை நீட்டினார். அக்கா இரும்பைக் கொடுத்தாள். அவர் அதைக் கனலுக்குள் போட்டு, சிவக்கும் வரை பார்த்திருந்துவிட்டுப் போனார். ஒரு வாய்த் தண்ணீர்கூட எங்கள் வீட்டில் குடிக்கவில்லை.

மூன்று மாதம் அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். காஜாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோணலாக ஒன்று போட்டு அவள் எதிரிலேயே வைத்துப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. நானே போய்ப் பண்ணைக்காரம்மாவிடம் பேசினேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "கண்ணு அவ கண்ணுதான், அதுல மாத்தமில்லை" என்றார். "வரட்டும். ஆனா வாசல்ல நான் நிக்க மாட்டேன். யாரு நிக்கணுமோ அவர்தான் நிப்பார்."

முதல் நாள் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். பண்ணை வாசலில் சிவப்பு வாளி. பக்கத்தில் முக்காலி போட்டுப் புகைக்காரர் உட்கார்ந்திருந்தார். வாளித் தண்ணீர் அப்போதுதான் மாற்றியதாக, அடி தெரிகிற அளவு சுத்தமாக இருந்தது. அக்கா குனிந்து இரண்டு கையையும் முழங்கை வரை முக்கினாள். புதுக் கையுறையை முக்கினாள். செருப்பின் அடியைத் தேய்த்தாள். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அவள் பையை நோக்கி விரலை நீட்டினார்.

அவள் பையைத் திறந்து பிடித்தாள். சாப்பாட்டு டப்பா, முகவலை, தண்ணீர்ப் புட்டி. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து உள்ளே வைத்தார். பின்னால் வேலைக்கு வந்த மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போதும் என்று சொல்ல ஓர் அடி எடுத்து வைத்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே கையால் நிறுத்தினாள்.

"உள் ஜிப்" என்றார் புகைக்காரர்.

நான் தைத்துக் கொடுத்த அந்தக் கெட்டி ஜிப் சட்டென்று நகரவில்லை. ஈரக் கையால் இரண்டு முறை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அவர் போகச் சொல்லும் வரை அவள் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.